48 மணி நேரக் கெடுவும் 6.30 மணி ரயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகைகொண்ட இரு நாடுகளுக்கிடையே பதற்றம் எழும்போதெல்லாம் நம் செய்தித்தாள்களில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு: "பேச்சுவார்த்தை தோல்வியடைந்ததால் போர் மூண்டது." தங்கள் நாளிதழிலும் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். இதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்யவும் வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நாள்வாரியாக, சில இடங்களில் மணிவாரியாக, திரும்பத் திரும்பப் படித்ததில் அந்த வாக்கியம் தவறு என்ற முடிவுக்கு வந்தேன். பேச்சுவார்த்தை தோற்றதால் அந்தப் போர் வரவில்லை. பேசுவதற்கான நேரத்தையும் விட்டுக்கொடுப்பதற்கான இடத்தையும் தூதர்களிடமிருந்து அவர்களுடைய அரசுகளே முன்கூட்டிப் பறித்துவிட்டன. இதை விரிவாக எழுத வேண்டியிருப்பதால் கடிதம் நீளும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும், சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். செர்பியாவின் மீது ஆஸ்திரியா-ஹங்கேரி போர் அறிவித்த நாள் ஜூலை 28. நடுவே முழுதாக ஒரு மாதம் இருந்தது. நம் பாடநூல்கள் அந்த மாதத்தை ஒரே பத்தியில் தாண்டிச் சென்று, நாடுகளின் கூட்டணிகளைப் பட்டியலிட்டு, சங்கிலியில் ஒரு கண்ணி இழுபட மற்றவையும் இழுபட்டன என்று முடித்துவிடுகின்றன. கண்ணிகளை இழுத்த கைகளுக்குப் பெயர்கள் இருந்தன என்பதை நான் வகுப்பில் சொன்னதில்லை. அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அன்றைய ஐரோப்பியத் தூதர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தென்கிழக்கு ஐரோப்பாவில் நடந்த பால்கன் போர்கள் பெரும்போராக வெடிக்கும் ஆபத்து இருந்த 1912 டிசம்பரில், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, லண்டனில் இருந்த ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளின் தூதர்களையும் ஒரே மேசையில் அமர்த்தினார். பல மாதங்கள் அவர்கள் பொறுமையாகப் பேசினார்கள். அல்பேனியா என்ற புதிய நாட்டின் எல்லைகளை வரைந்தார்கள். ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். அதே கிரேவும், அதே மேசையில் அமர்ந்த ஜெர்மனியின் லிச்னோவ்ஸ்கி உள்ளிட்ட தூதர்களும் 1914 ஜூலையிலும் லண்டனில்தான் இருந்தார்கள். ஜூலை 26 அன்று கிரே அதே வகையான மாநாட்டை மீண்டும் கூட்ட அழைப்பு விடுத்தபோது, ஆஸ்திரியாவை நடுவர் மன்றத்தின் முன் நிறுத்த முடியாது என்று சொல்லி ஜெர்மனி மறுநாளே மறுத்துவிட்டது. ஓராண்டுக்குள் தூதர்களின் திறமை மங்கிவிடவில்லை. இந்த முறை அவர்களைப் பேசவிடக் கூடாது என்று வியன்னாவும் பெர்லினும் முன்பே தீர்மானித்திருந்தன.

அந்தத் தீர்மானம் நடந்த நாட்களையும் நாம் அறிவோம். ஜூலை 5, 6 தேதிகளில் வியன்னாவிலிருந்து பெர்லினுக்குச் சென்ற ஹோயோஸ் என்ற அதிகாரியின் வழியாக, ஆஸ்திரியா எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் ஜெர்மனி துணைநிற்கும் என்ற உறுதியை ஜெர்மன் பேரரசரான கெய்சர் இரண்டாம் வில்லியமும் அவருடைய தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கும் அளித்தார்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுத்த காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வது பொருத்தமே. ஜூலை 7 அன்று வியன்னாவில் கூடிய அமைச்சரவையில், ஹங்கேரியின் பிரதமர் டிசா ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்: தூதரக வழியில் கிடைக்கும் வெற்றி, அது செர்பியாவை எவ்வளவு தலைகுனிய வைத்தாலும், பயனற்றது, ஆகவே செர்பியா மறுத்தே தீரும் அளவுக்குக் கடுமையான கோரிக்கைகளை வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் டிசாவும் இசைந்துவிட்டார். கோரிக்கை என்பது ஏற்கப்படுவதற்காக வைக்கப்படுவது என்றே நாம் எண்ணுகிறோம். மறுக்கப்படுவதற்காகவே ஓர் அரசு மை தொட்டு எழுதிய ஆவணம் இது.

எழுதியதை உடனே கொடுக்கவும் இல்லை. ஆஸ்திரியப் படைவீரர்களில் பலர் அறுவடைக்காக விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். மேலும், பிரான்ஸின் குடியரசுத் தலைவர் புவான்காரேயும் பிரதமர் விவியானியும் ஜூலை 20 முதல் 23 வரை ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போது ஆவணம் வெளியானால், இரு கூட்டாளிகளும் நேருக்கு நேர் கலந்து பேசிவிடுவார்கள். ஆகவே அவர்கள் கப்பலேறும் வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. கப்பல் புறப்படும் நேரம் சரியாகத் தெரிந்தபின், ஆவணத்தைக் கொடுக்கும் நேரத்தையும் மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு மாற்றினார்கள். இதற்கிடையில் தலைமைத் தளபதி கான்ராடும் போர் அமைச்சரும் எதுவும் நடக்காதது போல் விடுமுறைக்குச் சென்றார்கள். கெய்சர் நார்வேக் கடலில் வழக்கமான உல்லாசப் பயணத்தில் இருந்தார். மூன்று வாரங்கள் ஐரோப்பாவின் தூதரகங்கள் அமைதியாக இருந்தன. பேசுவதற்குக் கிடைத்திருக்கக்கூடிய மிக நல்ல மூன்று வாரங்கள் அவை.

ஜூலை 23 மாலை 6 மணிக்கு, செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரியத் தூதர் கீஸல் அந்த இறுதி எச்சரிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். செர்பியப் பிரதமர் பாஷிச் தேர்தல் பிரசாரத்துக்காக வெளியூர் சென்றிருந்ததால் நிதியமைச்சர் பாச்சுதான் அங்கே இருந்தார். அமைச்சர்கள் பலர் ஊரில் இல்லை, அவர்களைக் கூட்டுவது கடினம் என்று அவர் தயங்கியபோது, ரயிலும் தந்தியும் உள்ள இந்தக் காலத்தில் இவ்வளவு சிறிய நாட்டில் அது சில மணி நேர வேலைதான் என்று கீஸல் பதில் சொன்னார். கோரிக்கைகள் 10, கெடு 48 மணி நேரம். அந்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1913 அக்டோபரில், அல்பேனியப் பகுதியிலிருந்து செர்பியப் படைகள் வெளியேற வேண்டும் என்று இதே வியன்னா இதே செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தபோது கொடுத்த கெடு 8 நாட்கள். செர்பியா பணிந்தது; போர் வரவில்லை. 1914-இல் 8 நாட்கள் கொடுத்திருந்தால் செர்பியா மீண்டும் பணிந்திருக்கக்கூடும் என்ற அச்சமே அந்த 48 மணி நேரத்துக்குள் ஒளிந்திருந்தது என்பது என் கருத்து. கெடுவை நீட்டுமாறு ரஷ்யா கேட்டுக்கொண்டதையும் வியன்னா ஏற்கவில்லை. ஆவணத்தைப் படித்த கிரே, ஒரு நாடு சுதந்திரமான இன்னொரு நாட்டுக்கு இவ்வளவு கடுமையாக எழுதியதை நான் பார்த்ததே இல்லை என்று லண்டனில் இருந்த ஆஸ்திரியத் தூதரிடமே சொன்னார்.

ஜூலை 25, சனிக்கிழமை. செர்பியாவின் பதிலைப் பாஷிச் தாமே எடுத்துக்கொண்டு கெடு முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஆஸ்திரியத் தூதரகத்துக்கு வந்தார். பெரும்பாலான கோரிக்கைகளைச் செர்பியா ஏற்றிருந்தது அல்லது சில விளக்கங்களுடன் ஏற்கச் சம்மதித்திருந்தது. கொலைச் சதியைப் பற்றிச் செர்பிய மண்ணில் நடக்கும் நீதி விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பது தன் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 6-ஆம் கோரிக்கையை மட்டும் வெளிப்படையாக மறுத்திருந்தது. இதில் நிறைவு இல்லையென்றால் ஹேக் நகரின் சர்வதேச நடுவர் மன்றத்திடமோ வல்லரசுகளிடமோ விவகாரத்தை ஒப்படைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. கீஸல் அதை மேலோட்டமாகப் பார்த்தார். முழுமையான ஒப்புதல் இல்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தூதரக உறவு முறிந்தது என்று அறிவிக்கும் கடிதம் முன்பே எழுதித் தயாராக இருந்தது; அதில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, குடும்பத்தினருடனும் ஊழியர்களுடனும் 6.30 மணி ரயிலைப் பிடித்தார். சாவா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரை ஆஸ்திரியா-ஹங்கேரியின் மண். பத்து நிமிடப் பயணம்தான். இரு நாடுகளுக்கிடையிலான உறவு அரை மணி நேரத்துக்குள் அறுந்துபோயிற்று.

செர்பியாவை முற்றிலும் குற்றமற்ற நாடாகக் காட்ட நான் விரும்பவில்லை. கொலையாளிகளுக்கு ஆயுதம் கொடுத்து எல்லை தாண்ட உதவியவர்களில் அந்நாட்டு ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பதிலைக் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே செர்பியா தன் படைகளைத் திரட்ட ஆணையிட்டுவிட்டது. ஆஸ்திரியாவுக்கு நியாயமான குறை இருந்தது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் இந்த நிகழ்வு என்னை இவ்வளவு வருத்துகிறது. நியாயம் தன் பக்கம் இருந்த அரசு, உலகின் அனுதாபமும் தன் பக்கம் இருந்த நாட்களில், அந்த அனுதாபத்தைக் கொண்டு சாதித்திருக்கக்கூடியதை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் போரைத் தேர்ந்தெடுத்தது.

ஜூலை 28 அன்று காலையில்தான் கெய்சர் செர்பியாவின் பதிலை முழுமையாகப் படித்தார். 48 மணி நேரத்துக்குள் இது பெரிய சாதனை, போருக்கான காரணமே இல்லாமல் போய்விட்டது என்ற பொருளில் அதன் அடியில் தம் கையால் எழுதினார். ஆஸ்திரியப் படைகள் பெல்கிரேடோடு நின்று, அதைப் பிணையாக வைத்துக்கொண்டு பேசலாம் என்றும் யோசனை சொன்னார். அந்த யோசனையைப் பெத்மான் ஹோல்வெக் இரவு வரை அனுப்பவில்லை. அனுப்பியபோதும் அதன் கூர்மையை மழுக்கியே அனுப்பினார். அதற்குள், அன்று முற்பகலிலேயே, வியன்னா தந்தி மூலம் போரை அறிவித்துவிட்டது.

இங்கே ஒரு விவரத்தை வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். படைகள் ஆகஸ்ட் 12-க்கு முன் போருக்குத் தயாராக முடியாது என்று தளபதி கான்ராட் தெளிவாகச் சொல்லியிருந்தார். படை தயாராக இரண்டு வாரங்கள் இருக்கும்போது ஜூலை 28 அன்றே போரை அறிவிப்பானேன்? வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட் அதற்கான காரணத்தைத் தம் பேரரசரிடம் மறைக்கவில்லை: அறிவிப்பின் மூலம் நிலைமையைத் தெளிவாக்காவிட்டால், எதிரணி வல்லரசுகள் சமரசத்துக்கு மீண்டும் முயலக்கூடும். அந்தப் போர் அறிவிப்பு எதிரிநாட்டுப் படையைக் குறிவைத்தது அன்று. லண்டனிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் இன்னும் பேசிக்கொண்டிருந்த தூதர்களைக் குறிவைத்தது. பேச்சுவார்த்தை தோற்றதால் போர் வந்தது என்று நான் பலகையில் எழுதியபோது, பேச்சுவார்த்தை வென்றுவிடுமோ என்ற அச்சத்தால் போர் அவசரமாக அறிவிக்கப்பட்டது என்ற இந்த உண்மை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெர்லினின் நடத்தை இன்னும் வேதனை தருவது. கிரே அனுப்பிய சமரச யோசனைகளை ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் வியன்னாவுக்கு அனுப்பத்தான் செய்தது. ஆனால், பிரிட்டனைத் திருப்திப்படுத்துவதற்காகவே இவற்றை அனுப்புகிறோம், நாங்கள் இவற்றை ஆதரிக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சர் யாகோ ஆஸ்திரியத் தூதரிடம் முன்பே சொல்லிவைத்தார். பிரிட்டன் நடுநிலை வகிக்காது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று லண்டனிலிருந்து தம் அரசுக்கு மன்றாடிக்கொண்டிருந்த லிச்னோவ்ஸ்கியின் அறிக்கைகளை யாரும் பொருட்படுத்தவில்லை. பிரிட்டிஷ்காரர்களிடம் மயங்கிவிட்ட மனிதர் என்று அவரைப் பெர்லினில் ஒதுக்கினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதும் தூதரைத் தன் அரசே நம்பாத நிலை வந்தபின், தூதரகக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

அறிவும் அனுபவமும் உள்ளவர்கள் ஏன் இப்படி நடந்தார்கள் என்ற கேள்விக்கு, அவர்கள் ஒவ்வொருவரும் காலத்தைக் கண்டு அஞ்சினார்கள் என்பதே என் பதில். பல்வேறு இனங்களைக் கட்டிவைத்திருந்த ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியாவை அடக்காவிட்டால் தன் தெற்கு ஸ்லாவிய மக்களை இழப்போம் என்று அஞ்சியது. ரஷ்யாவின் ராணுவ விரிவாக்கத் திட்டம் 1917-இல் முடிந்துவிட்டால் அதன்பின் வெல்ல முடியாது, வருவது இப்போதே வரட்டும் என்று ஜெர்மன் தளபதிகள் எண்ணினார்கள். போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்டபோது 1909-இல் ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிய நேர்ந்த அவமானத்தை ரஷ்யா மறக்கவில்லை. இன்னொரு முறை பணிந்தால் பால்கனில் தன் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று கருதியது. 1909-இல் ரஷ்யாவைத் தலைகுனிய வைத்து ஜெர்மனி பெற்ற அந்த எளிய வெற்றிக்கான விலை ஐந்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்டது. எதிரி கௌரவத்தோடு பின்வாங்க ஒரு வழியை விட்டுவைக்காத தூதரக வெற்றி அடுத்த நெருக்கடிக்கு விதையாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இதன்பின் முடிவு அரசியல்வாதிகளின் கையைவிட்டு ரயில் அட்டவணைகளின் கைக்குப் போயிற்று. லட்சக்கணக்கான வீரர்களையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் எல்லைக்குக் கொண்டுசேர்க்க, படைதிரட்டல் திட்டங்களை ஆண்டுக்கணக்கில் தீட்டி வைத்திருந்தார்கள். தொடங்கினால் பாதியில் நிறுத்த அவற்றில் இடமில்லை. ஜூலை 29 இரவு, ரஷ்யாவின் பொதுப் படைதிரட்டல் ஆணை தந்தி அலுவலகத்திலிருந்து புறப்பட இருந்த தறுவாயில், கெய்சரிடமிருந்து வந்த தந்தியைப் படித்து மனம் மாறிய ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் அதை ரத்துசெய்தார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நீண்ட நேரம் வாதாடி அவரை மீண்டும் இசைய வைத்தார். மன்னர் மறுபடியும் மனம் மாறிவிடுவாரோ என்று அஞ்சிய படைத்தலைவர் யானுஷ்கேவிச், ஆணை கிடைத்ததும் தம் தொலைபேசியை உடைத்துவிட்டு யாருக்கும் அகப்படாமல் இருப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அமைதிக்கான கடைசி அழைப்பு வந்தால் அதைக் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

பெர்லினிலும் இதுவே நடந்தது. பெத்மான் ஹோல்வெக் ஜூலை 30 அதிகாலையில், சமரசத்தை ஏற்றுக்கொள்ளுமாறு வியன்னாவை வற்புறுத்தித் தந்தி அனுப்பினார். அதே நாளில், உடனே ரஷ்யாவுக்கு எதிராகப் படைதிரட்டுமாறு தளபதி மோல்ட்கே கான்ராடைத் தூண்டினார். பெர்லினில் ஆட்சி செய்வது யார், மோல்ட்கேயா பெத்மானா என்று பெர்க்டோல்ட் கேட்டதில் வியப்பில்லை. ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் விலகி நிற்கக்கூடும் என்ற தவறான செய்தி வந்தபோது, அப்படியானால் முழுப் படையையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்புங்கள் என்று கெய்சர் மகிழ்ச்சியோடு ஆணையிட்டார். 11,000 ரயில்களுக்கான திட்டம் முடிந்துவிட்டது, ஒருமுறை வகுத்ததை மாற்ற முடியாது என்று மோல்ட்கே மறுத்தார். ராணுவத்தின் ரயில் பிரிவுக்குத் தலைமை தாங்கிய க்ரோனர், மாற்றியிருக்க முடியும் என்று பின்னாளில் எழுதினார். முடியாது என்று சொல்லப்படுபவற்றில் எத்தனை உண்மையிலேயே முடியாதவை என்று அந்த நேரத்தில் கேட்க ஆளில்லை.

அதே மாலை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜெர்மன் தூதர் பூர்தாலெஸ், படைதிரட்டலை நிறுத்துவீர்களா என்று சசோனோவிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்ற பதிலே வந்தது. கையில் இருந்த போர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு அவர் சன்னலருகே சென்று அழுதார். அவர் கொடுத்த தாளில், ரஷ்யா பதில் தர மறுத்தால் சொல்ல வேண்டியது, எதிர்மறையாகப் பதில் தந்தால் சொல்ல வேண்டியது என்று பெர்லின் அனுப்பியிருந்த இரண்டு வாசகங்களும் அப்படியே இருந்தன. எந்தப் பதில் வந்தாலும் போர் என்று தீர்மானித்துவிட்ட அரசு, தன் தூதரைத் தபால்காரராக்கிவிட்டது. பெல்ஜியத்துக்கான இறுதி எச்சரிக்கையோ ஜூலை 26 அன்றே மோல்ட்கேயால் எழுதப்பட்டு, 29 அன்று முத்திரையிட்ட உறைக்குள் பிரஸ்ஸல்ஸ் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஆகஸ்ட் 2 மாலை வரை பிரிக்கப்படாமல் காத்திருந்தது.

1941-இல் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நடந்ததும் இதே போன்றதே. வாஷிங்டனில் ஜப்பானியத் தூதர்கள் நொமுராவும் குருசுவும் பேசிக்கொண்டிருந்தார்கள். டோக்கியோ அவர்களுக்கு நவம்பர் 29 வரை கெடு வைத்து, அதற்குப் பின் காரியங்கள் தாமாகவே நடக்கும் என்று சங்கேதத் தந்தி அனுப்பியது. முத்துத் துறைமுகத் தாக்குதல் பற்றி அந்த இரு தூதர்களுக்கும் முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. பேச்சுக்கு முடிவு நாள் குறித்த நாள்தான் உறவு முறிந்த நாள். தாக்குதல் நடந்த டிசம்பர் 7 அதன் அறிவிப்பு மட்டுமே.

இதற்கு நேர்மாறாக 1962 அக்டோபரைப் பார்க்கலாம். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதை வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினினுக்கே மாஸ்கோ சொல்லியிருக்கவில்லை. அவமானகரமான நிலைதான், ஆனால் அவர் அங்கே இருந்தார், தூதரகம் திறந்திருந்தது. உடனே குண்டுவீச வேண்டும் என்ற தளபதிகளின் யோசனையை ஏற்காமல் அமெரிக்க அதிபர் கென்னடி கடல்வழித் தடையைத் தேர்ந்தெடுத்ததால் நாட்கள் கிடைத்தன. அக்டோபர் 27 இரவு அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி டோப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளும் வெளியே சொல்லாமல் அகற்றப்படும் என்று உறுதியளித்தார். எதிரிக்குப் பின்வாங்க ஒரு வழி திறந்தது; மறுநாளே சோவியத் தலைவர் குருஷேவ் இசைந்தார். அந்த நாட்களில் செய்திகள் போய்ச்சேரப் பல மணி நேரம் ஆனதை நினைத்து இரு தரப்பும் கலங்கியதால்தான், 1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொலையச்சு இணைப்பு ஏற்படுத்தும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமெரிக்கா கியூபாவோடு 1961 ஜனவரியிலேயே உறவை முறித்துக்கொண்டதால் ஹவானாவில் அதற்குத் தூதர் இல்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

பேச்சால் தடுக்க முடியாத போர்களும் உண்டு என்று வாசகர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1939 ஆகஸ்ட் 30 நள்ளிரவில், போலந்துக்கான 16 அம்ச யோசனையை ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் பிரிட்டிஷ் தூதர் ஹெண்டர்சனிடம் வேகமாகப் படித்துக் காட்டிவிட்டு, அதன் நகலைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஹிட்லர் போரையே விரும்பினார். எந்தத் தூதராலும் அவரைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் படித்துக் காட்டி நகல் தராத அந்தச் செயலே அவருடைய நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. போரை விரும்புகிறவனையும், அஞ்சி அஞ்சிப் போருக்குள் சரிகிறவனையும் பிரித்தறியவும் கோரிக்கையின் வடிவமும் கெடுவின் நீளமுமே நமக்கு உதவுகின்றன. தூதரகங்கள் மூடப்படுவதை மட்டும் அடையாளமாகக் கொள்ளவும் முடியாது. 1965-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் முழு அளவில் போரிட்டபோதும் தூதரக உறவு முறைப்படி முறியவில்லை.

ஐரோப்பாவின் பழைய கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், எம்டன் என்ற சொல் தமிழில் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கட்டும். வியன்னா போர் அறிவித்த நாளிலிருந்து சரியாக எட்டு வாரங்கள் கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். செர்பியா எங்கே இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இந்தியா போரில் இறங்குவதாக வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவித்தபோது இந்தியர்கள் யாரையும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பி வரவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். 1914-இல் செர்பியாவின் பதிலை வியன்னா தன் நட்புநாடான ஜெர்மனிக்குக் கூட உரிய நேரத்தில் அனுப்பவில்லை. அது கெய்சரின் கண்ணில் படுவதற்கு மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களில் செய்தித்தாள்களின் வழியாக வியன்னாவின் தெருக்களுக்குப் போய்ச்சேர்ந்ததெல்லாம் "செர்பியா மறுத்துவிட்டது" என்ற செய்திதான். மக்கள் அதைக் கொண்டாடினார்கள். எந்த நாடு எந்த நாட்டுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தாலும், "நிராகரிப்பு" என்ற ஒற்றைச் சொல்லில் அதைத் தலைப்பாக்காமல், கோரிக்கையின் முழு வாசகத்தையும் பதிலின் முழு வாசகத்தையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துத் தமிழில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணி நேரக் கெடு கொடுக்கப்பட்டது, நீட்டிக்கக் கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதையும் அவற்றின் கீழே தவறாமல் குறிப்பிட வேண்டும். நடுப்பக்கத்தில் இடம் போதாது என்றால், என்னைப் போன்றவர்களின் கடிதங்களுக்கு ஒதுக்கும் இடத்தை அதற்காக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.